உப்புத் தண்ணீர்க் கறையும் தேவகோட்டை ரோட்டு ஷெட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் கண்ணாடியில் இருக்கும் உப்புக்கறைக்கு என்றால் தேவகோட்டை ரோட்டில் கறை எடுத்துத் தருகிற இந்த ஷெட்டுக்குத் தயங்காமல் போகலாம், கொடுத்த காசுக்குக் குறை சொல்ல முடியாது. பெயின்டில் இருக்கும் கறைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுத்து, இதை முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள். பெயின்ட் மேல் பாதுகாப்புக்குப் பூசுகிற செராமிக் கோட்டிங் பேச்சை எடுத்தால் மட்டும் ‘அப்புறம் பார்ப்போம் தம்பி’ என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

நான் காரைக்குடியில் வாடகைக்குக் கார் ஓட்டுகிறவன். வண்டி கருநீல எர்டிகா. மார்கழி, தையில் வெளியூர், வெளிநாட்டு ஆட்கள் நிறைய வருவார்கள். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, திருமயம் கோட்டை என்று ஒரு சுற்று. இவர்கள் பாதிப் படத்தை இறங்காமலே கண்ணாடி வழியாகத்தான் எடுக்கிறார்கள். ஒரு அம்மா கேமராவைத் துடை துடை என்று துடைத்தார். படம் தெளியவில்லை. பிறகு என் கண்ணாடியில் இருந்த வெள்ளைப் புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பாஷை தேவைப்படவில்லை.

அந்தப் புள்ளிகள் வந்த கதை சின்னது. ஒரு விடுதியில் புல்தரை ஓரமாக வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். இரவெல்லாம் ஸ்பிரிங்ளர் சுற்றிச் சுற்றித் தெளித்திருக்கிறது. போர் தண்ணீர். காலையில் ஏறுவெயிலில் அப்படியே காய்ந்து, இடது பக்கக் கதவு, கண்ணாடி, பானெட்டில் பாதி, எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்துவிட்டது. விடுதியின் பெயர் வேண்டாம். நல்ல மனிதர்கள், டிரைவர்களுக்கும் வயிறாரச் சோறு போடுகிறவர்கள்.

பகலில் இது அழகுப் பிரச்சினைதான். ராத்திரி திருச்சி ரோட்டில் வரும்போதுதான் உண்மையான தொல்லை தெரியும். எதிரே வருகிறவன் ஹெட்லைட் முன் கண்ணாடியில் பட்டால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக வெளிச்சத்தைச் சிதறடிக்கும். ரோடு ஓரத்தில் ஆள் நிற்கிறாரா, மாடு நிற்கிறதா என்று பிடிபடாது. ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு இது போதும், பர்ஸைத் திறக்க.

மகள் அழகப்பா கல்லூரியில் கெமிஸ்ட்ரி படிக்கிறாள். அவளிடம் கேட்டால் சமையல்கட்டுச் சுவரைக் காட்டுகிறாள். எங்கள் வீடு பழைய வீடு, சுண்ணாம்புப் பூச்சு. அந்தச் சுண்ணாம்பு காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்து இறுகி என்ன ஆகிறதோ, அதே கால்சியம் கார்பனேட்தான் கார் கண்ணாடியிலும் பெரும்பங்கு என்றாள். போர் தண்ணீரில் அது பைகார்பனேட்டாகக் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். தண்ணீர் ஆவியாகும்போது கரையாத பொருளாக மாறி ஒட்டிக்கொள்ளும். கூடவே மெக்னீசியம், சல்பேட், கொஞ்சம் சிலிக்கா. கார்பனேட்டுக்குப் புளிப்பு ஆகாது, பட்டால் பொங்கிக் கரைந்துவிடும். ஆச்சிமார்கள் பித்தளைக் குடத்தில் படிந்த உப்பைப் புளி போட்டுத் தேய்த்து எடுப்பதும் இந்த வழியில்தான். சிலிக்கா அப்படி இல்லை. வினிகர், எலுமிச்சை எதற்கும் அசையாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் கறை எடுக்கிற வேலையில் பாதி புரிந்த மாதிரி. கடைக்காரர் நம்மை ஏமாற்றுகிறாரா இல்லையா என்பதும் புரியும்.

இந்த ஷெட்டுக்கு முன்னால் வேறு ஒரு வாட்டர் வாஷ் இடத்தில் விசாரித்தேன். பையன் வண்டியைக் கழுவக்கூட இல்லை, பார்த்த மாத்திரத்தில் மெஷினை எடுத்துக்கொண்டு வந்து, “ரப்பிங் காம்பவுண்ட் போட்டு ஒரே இழு, போயிரும் சார்” என்றான். வண்டி மேல் தூசி அப்படியே இருக்கிறது. அதோடு தேய்த்தால் உப்பும் மணலும் சேர்ந்து பெயின்டை அரைத்துவிடும். இன்னொரு இடத்தில் பாத்ரூம் ஆசிட்டைத் தண்ணீர் கலந்து வைத்திருந்தார்கள். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். கறை போகும்தான், குரோமும் அலாய் வீலும் சேர்ந்து போகும். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

தேவகோட்டை ரோட்டில் இருக்கிற இந்த ஷெட்டுக்குப் போர்டு கிடையாது. தகரக் கூரை, பச்சை ஷேட் நெட், வாசலில் ஒரு வேப்பமரம், பக்கத்தில் பஞ்சர் கடை. நடத்துகிறவர் முன்பு டிங்கரிங் பட்டறையில் பெயின்டராக இருந்தவர். பெயின்ட் அடித்த கை என்பதால் பெயின்டைத் தேய்க்கப் பயப்படுகிறார். எனக்குப் பிடித்ததே அந்தப் பயம்தான்.

போனதும் விலை சொல்லவில்லை. வண்டியை நிழலில் விடச் சொல்லி, பானெட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தார். “சூடா இருக்குண்ணே, ஆறட்டும்” என்று டீ வாங்கி வரச் சொல்லிவிட்டார். சூட்டுத் தகட்டில் எந்தத் திரவத்தை ஊற்றினாலும் அது நொடியில் காய்ந்து, தானே ஒரு கறையாகிவிடும் என்று காரணம் சொன்னார். ஆறின பிறகு ஷாம்பு போட்டுக் கழுவினார். துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட் எடுப்பாரோ என்று பார்த்தேன், இல்லை, மைக்ரோஃபைபர் துணி. அடுத்ததாக ஒரு பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு கதவைத் தடவினார். என்னையும் தடவச் சொன்னார். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் பைக்குள் கையை விட்டுத் தடவினால் சொரசொரவென்று இருக்கிறது. “சொரசொரன்னா கறை மேல நிக்குது, எடுத்துரலாம். வழுவழுன்னு இருந்தும் புள்ளி தெரிஞ்சா உள்ள எறங்கிருச்சு, அது வேற கணக்கு.”

முதல் மருந்து வினிகர். கடைகளில் கிடைக்கிற சாதாரண வெள்ளை வினிகர், சரிபாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துக் கறை மேல் போட்டு வைத்தார். சில நிமிஷம்தான். காய விடாமல் நடுவில் மறுபடி நனைக்கிறார். அது ஒத்துவராத இடத்துக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். கால் லிட்டர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன். மளிகைக் கடையிலேயே கிடைக்கும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசி, ஷாம்பு போட்டு மறுபடி ஒரு கழுவு. புளிப்பு ரப்பர் ஓரத்தில் தங்கக் கூடாதாம். என் கதவில் இருந்த புள்ளிகளில் பெரும்பாலானவை இதற்கே போய்விட்டன. நியாயமாகச் சொன்னால் இந்தக் கட்டம் வரை வீட்டிலேயே யாரும் செய்துகொள்ளலாம், செலவு நூறு ரூபாய் ஆகாது. அவரும் அதை மறைக்கவில்லை.

வீட்டில் செய்கிறவர்களுக்கு, குறிப்பாக நம் பக்கத்து ஆட்களுக்கு, ஒன்று சொல்ல வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த போர்டிகோவில் வண்டியை நிறுத்தி இந்த வேலையைச் செய்யாதீர்கள். அந்தக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடி மேல் சிமென்ட்டும் மணலும் நிறமும் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. புளிப்பு விழுந்தால் மேல் பூச்சை அரித்து, மினுமினுப்பு போய் வெளிறிவிடும். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக்கு இவரை வரச் சொன்னார்களாம். போனவர் போர்டிகோவைப் பார்த்துவிட்டு, கார் தெருவுக்கு வந்தால்தான் வேலை என்று நின்றுவிட்டாராம். வீட்டுக்காரர் சாவியைத் தேடிக் கொடுக்க ஒரு மணி நேரம் ஆனதாம். காருக்குப் பாலிஷ் போட்டுவிட்டுத் தரையைக் கெடுத்துவிட்டு வந்தால் ஊரில் தலைகாட்ட முடியுமா என்கிறார்.

கண்ணாடி வேலைதான் இவருடைய கைத்திறமை. வினிகருக்குப் பிறகும் என் இடது பக்கக் கண்ணாடிகளிலும் முன் கண்ணாடியிலும் வட்ட வட்டமாக மங்கல் நின்றது. இதற்கு சீரியம் ஆக்சைடு என்று ஒரு பொடி வைத்திருக்கிறார். மூக்குக் கண்ணாடி, லென்ஸ் மெருகு போடுகிறவர்கள் பயன்படுத்துகிற சரக்கு. அதைத் தண்ணீரில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, கம்பளிப் பேட் மாட்டிய மெஷினில், குறைந்த வேகத்தில், ஓயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே ஓட்டுகிறார். ஓட்டுவதற்கு முன் பீடிங் ரப்பர், கதவு ஓரம், வைப்பர் காம்பு எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். நடுநடுவே கண்ணாடியைக் கையால் தொட்டுப் பார்க்கிறார். சூடேறினால் நிறுத்திவிடுகிறார். ஒரே இடத்தில் சூடு ஏறினால் கண்ணாடி விரிசல் விடும். முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, அதில் விரிசல் விழுந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

முன் கண்ணாடியில் வைப்பர் கோடு ஒன்று இருந்தது. நகம் வைத்தால் தட்டுகிற அளவு ஆழம். அதையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். மாட்டேன் என்றார். அந்த ஆழத்துக்கு ஒரு இடத்தில் மட்டும் தேய்த்தால் கண்ணாடி அங்கே குழிந்து, அதன் வழியாகப் பார்க்கிற ரோடு நெளியுமாம். அதுவும் டிரைவர் கண்ணுக்கு நேரே. காசு தருகிறேன் என்றாலும் செய்யாத வேலைக்காரனைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

வேலை முடிந்து ராத்திரி திருமயம் வரை ஒரு ஓட்டம் இருந்தது. எதிர் லைட் வந்தது, போனது. அவ்வளவுதான். கண்ணாடியைப் பற்றிய நினைப்பே வரவில்லை.

இனி பெயின்ட். இங்கேதான் பொறுமையாகக் கேளுங்கள். வினிகருக்கும் எலுமிச்சை உப்புக்கும் பிறகு, மிச்சச் சொரசொரப்பைக் கிளே பார் என்கிற பிசின் மாதிரியான களிமண் கட்டியால் எடுத்தார். ஷாம்புத் தண்ணீர் அடித்து, அழுத்தாமல், நேர்க்கோட்டில் தடவுகிறார். கட்டி கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுகிறார். மண் ஒட்டின கட்டி பெயின்டைக் கிழிக்கும். இதற்குப் பிறகு கதவு சுத்தம். பானெட்டில் மட்டும், வெயில் பட்டுக் காய்ந்த இடத்தில், சின்னச் சின்ன வளையங்கள் நின்றுவிட்டன. தடவினால் வழுவழுப்பு, பார்த்தால் வளையம். உள்ளே இறங்கிவிட்டது.

கார் பெயின்டின் மேலே நிறமில்லாத ஒரு படலம் இருக்கிறது, கிளியர் கோட். 35 முதல் 50 மைக்ரான் வாக்கில் இருக்கும், ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. உப்புத்துளி வெயிலில் சுண்டும்போது அதன் வீரியம் ஏறி இந்தப் படலத்தைத் தின்றுவிடுகிறது. அப்புறம் அங்கே எடுப்பதற்குக் கறை என்று எதுவும் இல்லை, குழிதான் இருக்கிறது. குழியைச் சமப்படுத்த வேண்டுமானால் சுற்றி இருக்கிற கிளியர் கோட்டையும் குழி மட்டத்துக்கு இறக்க வேண்டும். பாலிஷ் என்று நாம் சொல்வது அதைத்தான். ஒவ்வொரு பாலிஷுக்கும் அந்தப் படலம் கொஞ்சம் மெலிகிறது, மெலிந்தது திரும்ப வளராது. வருஷா வருஷம் பாலிஷ் போட்டு வண்டியைப் பளபளப்பாக வைத்திருப்பதாகப் பெருமை பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அவர் மென்மையான பாலிஷ் ஒன்றை மட்டும் போட்டார். முக்கால்வாசி வளையம் மறைந்தது. பக்கவாட்டு வெளிச்சத்தில் தேடினால் மிச்சம் தெரிகிறது. “இதுக்கு மேல இழுத்தா அடுத்த தடவை இழுக்க ஒண்ணும் இருக்காதுண்ணே. இப்படியே விட்டுருங்க” என்றார். எனக்குச் சம்மதம். கல்யாண வண்டி மாதிரி ஜொலிக்க வேண்டும் என்கிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். கறுப்பு வண்டி வைத்திருக்கிறவர்கள் முதலிலேயே இதைப் பேசிக்கொள்வது நல்லது.

விலை: கண்ணாடி முழுக்க 900 ரூபாய். பெயின்டில் கறை எடுத்து, பானெட்டுக்கு மட்டும் பாலிஷ் போட்டது 1,400. ஜிபே வாங்குகிறார். பில் கிடையாது. டிராவல்ஸ் கணக்கில் காட்ட வேண்டியவர்களுக்கு இது தொந்தரவு. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார், ஆடிட்டர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

குறைகள் இன்னும் இருக்கின்றன. மத்தியானம் முடிந்துவிடும் என்றவர் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் சாவியைக் கொடுத்தார். உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் கால் ஆடுகிறது. சீரியம் பொடியின் வெளிறிய தூள் கண்ணாடி ரப்பரின் இடுக்கிலும் முன் கிரில்லிலும் தங்கிவிட்டது, வீட்டில் பழைய டூத் பிரஷ் வைத்து நான்தான் எடுத்தேன். செராமிக் கோட்டிங்கைப் பற்றி அவருடைய தம்பி, போட்டுவிட்டால் இனிமேல் கறையே வராது என்கிறார். அது சரியில்லை. கோட்டிங் மேலும் உப்புத்துளி நின்று காய்ந்தால் கறை வரும். தண்ணீர் முத்து முத்தாக நிற்கிற பரப்பு என்பதால் துளித்துளியாகக் காய்கிற வாய்ப்பு அங்கேயும் உண்டு. படிந்ததைக் கழுவி எடுப்பது லேசு, அவ்வளவுதான் பலன். பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்துவிட்டு அதே போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிடுகிறவர்களுக்கு அந்தக் காசு வீண்.

அண்ணன் பேச்சு அப்படி இல்லை. அலாய் வீலில் ஆசிட் படக் கூடாது என்பதை மட்டும் நான் கேட்காமலே நாலு தடவை சொன்னார். சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு வாடிக்கையாளர் சொல்லிக் கொடுத்தாராம், ஆசிட்டில் இருக்கிற குளோரைடு தங்கினால் அலாய் வீலின் அலுமினியம் ஊசி குத்தினது போலப் பொத்துப் பொத்தாக அரிக்கும் என்று. துருவையும் அரிப்பையும் ஆராய்கிற ஆய்வகம் ஊருக்குள்ளேயே இருப்பதில் இப்படி ஒரு லாபம். அதே ஆள்தான் கண்ணாடிக்கு ஃப்ளோரைடு கலந்த திரவங்கள் எதையும் வாங்காதே என்றும் எச்சரித்திருக்கிறார். மற்ற ஆசிட் அசைக்காத சிலிக்காவை அது கரைத்துவிடும், ஆனால் கண்ணாடியும் பெரும்பாலும் சிலிக்காதான். கையில் பட்டால் தோல் வழியாக உள்ளே இறங்கி எலும்பு வரை போகும். டப்பாவில் என்ன இருக்கிறது என்று எழுதாத ‘ஸ்பாட் ரிமூவர்’ எதையும் இவர் ஷெட்டுக்குள் விடுவதில்லை.

ஷெட்காரர் சட்டைப் பையில் ஒரு டிடிஎஸ் பேனா வைத்திருக்கிறார், தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவைக் காட்டுவது. என் வீட்டுப் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோய்க் காட்டினேன், ஆயிரத்தைத் தாண்டியது. ஐஎஸ் 10500 என்கிற குடிநீர்த் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. கடினத்தன்மைக்கு, அதாவது கால்சியம், மெக்னீசியத்துக்கு, தனிக் கணக்கு, 200, தவறினால் 600. பேனா காட்டுவது கரைந்த உப்பு எல்லாம் சேர்ந்த மொத்தம், கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது என்று மகள் திருத்தினாள். நல்ல தண்ணீருக்குப் பேர்போன சம்பை ஊற்றைக் குடித்து வளர்ந்த ஊரில் இப்படி ஒரு தண்ணீரில் வண்டி கழுவுகிறோம்.

மச்சான் வீட்டுக் கதை இன்னும் மோசம். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே போகிற தண்ணீர் வீணாகக் கூடாது என்று ட்ரம்மில் பிடித்து அதில்தான் தினமும் காரைக் கழுவுகிறார். ஆர்ஓ நல்ல தண்ணீரைப் பிரித்து நமக்குக் கொடுத்துவிட்டு, உப்பையெல்லாம் சேர்த்துத் தள்ளுகிற தண்ணீர் அது. போர் தண்ணீரைவிட உப்பு கூடுதல். அவர் வெள்ளை வண்டி என்பதால் இன்னும் கண்ணில் படவில்லை.

நான் இப்போது செய்வது இதுதான். கழுவுவது போர் தண்ணீரில்தான், வேறு தண்ணீருக்கு எங்கே போவது. ஆனால் காலையில் வெயில் வருவதற்கு முன், ஒரு பக்கம் கழுவியதும் அந்தப் பக்கத்தை உடனே துடைத்துவிட்டு அடுத்த பக்கம். கடைசி அலசலுக்கு அரை வாளி ஏசி தண்ணீர். சவாரிக்காகக் காத்திருக்கிற விடுதிகளில் ஏசி குழாயிலிருந்து சொட்டுகிறதே, அது காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பு அநேகமாக இல்லை. கேனில் பிடித்து, தூசி போகத் துணியில் வடிகட்டிக்கொள்கிறேன். வாட்ச்மேன் முதலில் ஒரு மாதிரிப் பார்த்தார், இப்போது அவரே பிடித்து வைக்கிறார். மழைக்காலத்தில் முற்றத்துத் தண்ணீர் அண்டாவில் இருக்கும், அது இன்னும் விசேஷம். வைப்பர் தண்ணீர் டப்பாவில் மட்டும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். அங்கே போர் தண்ணீர் ஊற்றினால் துவாரம் அடைபடும், போடுகிற ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் புதுசாக உப்பு தெளிக்கிற மாதிரி.

போகிறவர்கள் காலை எட்டரைக்குள் போய்விடுங்கள். பத்து மணி வெயில் ஏறிவிட்டால் பானெட் ஆறுகிற வரை தொடவே மாட்டார். அமாவாசைக்கு லீவு. முன்னாடியே போன் போட்டால் எடுப்பார், ஆனால் நேரம் குறித்துக்கொள்ள மாட்டார், முதலில் வருகிற வண்டிக்கு முதல் வேலை. வைப்பர் பிளேடு பழசாக இருந்தால் போகும்போதே புதுசு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போங்கள். அவரிடம் ஸ்டாக் இல்லை, உப்பு ஏறின பழைய பிளேடை அதே கண்ணாடியில் மாட்டவும் ஒப்புக்கொள்ள மாட்டார்.